பெயர்வும் பெயர்ப்பும்: மேல்நிலை மானிடப் புவியியலின் தமிழ்க் கலைச்சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

1. முன்னுரை

மேல்நிலைப் பள்ளி அளவில் கற்பிக்கப்படும் பாடங்களுள் மானிடப் புவியியல் ஒரு வகையில் தனித்து நிற்பது. இயற்கைப் புவியியலில் மாணவர் மலையையும் ஆற்றையும் காற்றையும் பற்றிப் படிக்கிறார். மானிடப் புவியியலில் தம்மைப் போன்றோரைப் பற்றியும், சில வேளைகளில் தம்மைப் பற்றியுமே படிக்கிறார். மலைக்கு நாம் இடும் பெயரை மலை படிப்பதில்லை. மனிதர் வாழும் இடத்துக்கும் அவர்தம் நகர்வுக்கும் நாம் இடும் பெயரை அம்மனிதரே படிக்கின்றனர். ஆதலின் இத்துறையின் கலைச்சொற்களை மதிப்பிடுங்கால் பொருட்செறிவு, சுருக்கம், ஒலிப்பெளிமை ஆகிய வழக்கமான அளவுகோல்கள் மட்டும் போதா. அச்சொல் யாருடைய நிற்பிடத்திலிருந்து நோக்குகிறது என்னும் வினாவும் எழுப்பப்பட வேண்டும்.

இவ்வினாவை முன்வைத்துச் சேரி, துணைக்கோள் நகரம், இடப்பெயர்வு, ஊர் ஆகிய நான்கு சொற்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளும், அம்பர்நாத் நகரமும் சான்றுக்களங்களாகக் கொள்ளப்படுகின்றன. இடப்பெயர்வு, நகர்மயமாதல், குடியிருப்பு வகைகள் என்று பாடநூல் பேசும் பொருள்களெல்லாம் இவ்விடங்களில் வாழும் தமிழரின் குடும்ப வரலாறாகவே அமைந்திருத்தல் இத்தேர்வுக்குக் காரணமாகும்.

2. பாடநூலும் படிப்பவரும்

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் பன்னிரண்டாம் வகுப்புக்கென 2007ஆம் ஆண்டில் இரு புவியியல் நூல்களை வெளியிட்டது. ஒன்று மானிடப் புவியியலின் அடிப்படைகளைக் கூறுவது. மற்றொன்று இந்திய மக்களையும் பொருளாதாரத்தையும் பற்றியது. இரண்டாவது நூலின் இறுதி இயலில் தாராவி பற்றிய ஒரு தனிக்குறிப்பு இடம்பெற்றுள்ளது. ஆங்கில எழுத்தாளர் ஜெரமி சீப்ரூக்கின் எழுத்திலிருந்து எடுத்தாளப்பட்ட அக்குறிப்பு, ஆசியாவின் மிகப் பெரிய சேரி என்னும் பொருள்படத் தலைப்பிடப்பட்டது. குறுகிய சந்துகளும் துப்புரவின்மையும் அதில் கூறப்படுகின்றன. அங்கிருந்து மட்பாண்டம், தோற்பொருள், ஆடை, பூவேலைப்பாடு, நகை முதலியன வெளியேறி வசதி படைத்தோர் இல்லங்களை அடைவதும் கூறப்படுகிறது.

இக்குறிப்பின் உட்பகுதி தாராவியை உழைப்பின் களமாகக் காட்ட, அதன் தலைப்போ அவ்விடத்தை ஒரு குறைபாடாக மட்டுமே அறிமுகப்படுத்துகிறது. மேலும், 'மிகப் பெரிய' என்னும் அடை எதனால் அளக்கப்பட்டது என்பதும் தெளிவாக இல்லை. தாராவியின் பரப்பு இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. மக்கள்தொகையை அளவாகக் கொண்டால் மதிப்பீடுகள் பல இலட்சங்கள் வேறுபடுகின்றன. கராச்சியின் ஒரங்கியை இதனினும் பெரியதெனக் கூறுவாரும் உளர். அலகும் அளவும் கூறாத உச்சநிலை அடையைப் புவியியல் பாடநூல் தன் தலைப்பில் தாங்கி நிற்றல் அத்துறையின் முறைமைக்கே ஒவ்வாததாகும்.

இந்நூல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் உருதுவிலும் கிடைக்கிறது. மகாராட்டிர மாநிலப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுவோர் வேறு நூலைக் கற்பினும், மக்கள்தொகை, குடியிருப்பு, பொருளாதார நடவடிக்கை என்னும் பொதுப் பகுப்பு அதிலும் உண்டு. மும்பை மாநகராட்சியின் தொடக்கப் பள்ளிகளில் தமிழ்வழிக் கல்வி உள்ளது. ஆயின் மேல்நிலையை எட்டும் தமிழ் மாணவர் மானிடப் புவியியலை ஆங்கிலம், மராத்தி, இந்தி ஆகியவற்றுள் ஒன்றன் வழியாகவே பெரும்பாலும் கற்கிறார். பாடச்சொல் ஒரு மொழியிலும், அச்சொல் குறிக்கும் வாழ்க்கை வேறொரு மொழியிலும் அவருக்கு அமைகின்றன. இவ்விடைவெளியில் நிகழும் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் அச்சேறுவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் இலங்கையின் உயர்தரக் கல்வியிலும் வழங்கும் சொற்கள்தாம் அவருக்குக் கிடைக்கத்தக்க ஆயத்தச் சொற்கள். துறையின் பெயரே மனிதப் புவியியல், மானுடப் புவியியல், மானிடப் புவியியல் எனப் பல வடிவங்களில் வழங்குகிறது. இவ்வடிவ வேறுபாட்டால் பெருந்தீங்கு இல்லை. தீங்கு வேறிடத்தில் உள்ளது.

3. சேரி: ஊரிலிருந்து நோக்கும் சொல்

3.1 நகர வறியோரின் நெரிசல் மிக்க குடியிருப்பைக் குறிக்கும் 'ஸ்லம்' என்னும் ஆங்கிலச் சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் குழூஉக்குறி வழக்கில் 'அறை' என்னும் பொருளில் காணப்படுகிறது. 1812இல் தொகுக்கப்பட்ட வாக்சின் சொற்பட்டியல் இப்பொருளைத் தருகிறது. பின்னர் அது ஒதுக்குப்புறத் தெருவையும், அதன்பின் ஒரு முழு வட்டாரத்தையும் குறித்தது. 2003இல் ஐக்கிய நாடுகளின் வாழ்விட அமைப்பு வெளியிட்ட அறிக்கை இச்சொல்லை மீண்டும் உலக வழக்காக்கியது. அதனால் நேரும் இழுக்கைப் புவியியலாளர் ஆலன் கில்பர்ட் 2007இல் ஒரு கட்டுரையில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

3.2 தமிழில் இதற்குச் சேரி, குடிசைப்பகுதி என்னும் இரண்டு சொற்கள் பயில்கின்றன. இவற்றுள் சேரி தொன்மையானது. 'சேர்' என்னும் வினையடியாகப் பிறந்து, மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்று பொருள்படுவது. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) கல்வெட்டுகளில், பிராமணர் சபை ஆண்ட அவ்வூரின் உட்பிரிவுகளே சேரிகள் எனப்பட்டன. இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் கம்மாணசேரியும் ஒருங்கே காணப்படுகின்றன. புதுச்சேரி, வேளச்சேரி ஆகிய பெயர்களில் இன்றும் சொல்லின் பழம்பொருள் எஞ்சியுள்ளது. காலப்போக்கில் பொருட்குறுக்கம் நேர்ந்து, 'ஊர்' என்பதற்கு எதிர்நிலையில் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பை மட்டும் சுட்டும் சொல்லாயிற்று. இன்றைய வழக்கில் சேரி என்பது ஊருக்குள் நிற்பவர் ஊருக்கு வெளியே கைநீட்டிச் சுட்டும் சொல்.

3.3 இச்சொல்லை 'ஸ்லம்' என்பதற்கு நிகரனாகக் கொள்ளும்போது நேர்வது யாது? ஆங்கிலச் சொல் வறுமையையும் கட்டட நிலையையும் சுட்டுவது; தமிழ்ச் சொல் சாதியைச் சுட்டுவது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குச் சென்ற தமிழருள் ஒடுக்கப்பட்ட சமூகத்தார் கணிசமானோர். சாதியிடம் என்னும் பெயரை விட்டு நீங்குதல் அவர்தம் பயணத்தின் காரணங்களுள் ஒன்றாகவும் இருந்திருக்கும். மொழிபெயர்ப்பாளர் அதே பெயரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தொலைவு அவர்பின் அனுப்பி, தாராவியின் வாயிலில் மாட்டிவிடுகிறார். குசராத்தி குயவர் வாழும் கும்பார்வாடாவையும் மீனவர் கோளிவாடாவையும் உள்ளடக்கிய தாராவிக்கு இச்சாதிப் பொருள் புவியியல் நோக்கிலும் பொருந்தாது.

3.4 குடிசைப்பகுதி என்பது இவ்விழுக்கைத் தவிர்க்கிறது. ஆயின் வேறொரு பிழைக்கு இடந்தருகிறது. குடிசை கட்டடப் பொருளையும் வடிவையும் குறிக்கும் சொல். தாராவியின் வீடுகளுள் பல செங்கல்லாலும் சிமெண்டாலும் எழுந்த இரண்டு, மூன்று அடுக்குகள் கொண்டவை. மராத்தியின் 'ஜோப்பட்பட்டி' என்னும் சொல்லுக்கும் இக்குறை உண்டு. இந்தியில் வழங்கும் 'கந்தீ பஸ்தீ', 'மலின் பஸ்தீ' என்பன அழுக்கு என்னும் அடையை வெளிப்படையாகவே ஏற்றுள்ளன. மும்பைத் தமிழரின் பேச்சிலோ சால், கோலி, ஜோப்படி என்னும் கடன்சொற்கள் நுட்பமான வேறுபாட்டுடன் வழங்குகின்றன. வரிசையறைக் கட்டடம் சால். அதில் ஒரு குடும்பத்தின் ஓரறை கோலி. தகரத்தாலும் பலகையாலும் ஆனது ஜோப்படி. பாடநூல் ஒரே சொல்லால் மூடியதைப் பேச்சுவழக்கு மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது.

3.5 தமிழ்நாட்டு அரசின் சொல்லாட்சி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1970இல் தோன்றிய வாரியத்தின் ஆங்கிலப் பெயர் அகற்றுதல் என்னும் பொருள் தந்தது. தமிழ்ப் பெயரோ குடிசை மாற்று வாரியம் என அமைந்து, ஒன்றை நீக்கி வேறொன்றைத் தருதல் என்னும் கடமையையும் சேர்த்துரைத்தது. 2021இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றப்பட்டது. புதிய பெயரில் இழுக்கு இல்லை. அதே வேளையில், மாற்றித் தரப்படவேண்டியது எது என்பதும் இல்லை.

மகாராட்டிரத்தில் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு பகுதி இவ்வகையில் அறிவிக்கப்படுதல் அங்கு வாழ்வோர்க்குச் சில உரிமைகளையும் வழங்குகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் 2011இல் அறிவிக்கப்பட்டவை, ஏற்கப்பட்டவை, இனங்காணப்பட்டவை என மூவகையாகப் பகுத்து, நாடு முழுவதும் ஏறத்தாழ 6.5 கோடிப் பேரை இவற்றுள் அடக்கியது. ஆதலின் இச்சொல் வசைச்சொல் மட்டுமன்று, சட்ட வகைப்பாடும் ஆகும். 'வாழ்விடம்' என்று மென்மையாக்கிப் பெயர்த்தால் வசை நீங்கும். உரிமையைக் கோருவதற்கான பெயரும் உடன் நீங்கும்.

3.6 'காலனி' என்னும் சொல்லையும் இங்குக் கருதலாம். தமிழ்நாட்டில் அது ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பைக் குறிக்கும் சொல்லாகிவிட்டமையால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அதே சொல் இரயில்வே ஊழியர் குடியிருப்பையோ நடுத்தர வகுப்பார் குடியிருப்பையோ இழுக்கின்றிக் குறிக்கிறது. ஒரே மொழிபேசும் மாணவர் இருவருக்குச் சென்னையில் ஒரு பொருளும் செம்பூரில் மற்றொரு பொருளும் தரும் சொல்லை விளக்கமின்றிப் பாடநூலில் இடுதல் இயலாது.

4. துணைக்கோள் நகரம்: மையத்திலிருந்து நோக்கும் சொல்

பெருநகரைச் சூழ்ந்துள்ள நகரங்களைக் குறிக்கப் புறநகர், துணைநகரம், துணைக்கோள் நகரம் என்னும் சொற்கள் தமிழில் வழங்குகின்றன. மூன்றும் ஒரு மையத்தை முன்கொண்டே பொருள்படுவன. அவற்றுள்ளும் துணைக்கோள் நகரம் வானியலிலிருந்து எடுக்கப்பட்ட உருவகம். தனக்கென ஒளியும் வழியும் இல்லாதது என்னும் குறிப்பை அது உடன்கொணர்கிறது.

அம்பர்நாத் இவ்வுருவகத்துக்கு அடங்குவதில்லை. மும்பை முனையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், தாணே மாவட்டத்தில், தனி நகராட்சியுடன் அமைந்த நகரம் அது. அங்குள்ள சிவன் கோயில் சிலாகார மன்னர் காலத்தது. அதன் கல்வெட்டு கி.பி. 1060ஐச் சேர்ந்தது. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை, படைக்கலத் தொழிற்சாலை, மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை எனத் தொழில்களும் அங்கேயே வளர்ந்தன. அங்குச் சென்று குடியேறியோர் பலர் மும்பையின் மிகுதியாக அங்கு வழிந்தோடியவர் அல்லர். அந்நகரத் தொழிலையே நாடிச் சென்றவர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்பர்நாத்தின் மக்கள்தொகை இரண்டரை இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டது. அதே கணக்கெடுப்பு அந்நகரைப் பெருமும்பை நகர்த்திரளில் ஒரு பகுதியாகவும் கொண்டு, திரளின் மொத்தத் தொகையை ஏறத்தாழ 1 கோடியே 84 இலட்சம் என்றது. நிருவாகத்தில் வேறாகவும், கணக்கில் ஒன்றாகவும், இரயில் பயணத்தில் அன்றாட இணைப்பாகவும் உள்ள இவ்வுறவைத் 'துணைக்கோள்' என்னும் சொல் ஒருதிசைப் பட்டதாகச் சுருக்குகிறது.

இத்தகைய நகர்களின் இணைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1915இல் படைத்தவர் பேட்ரிக் கெடிசு. அவர் 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார். அவர்தம் சொல்லில் ஒரு நகர் மற்றொன்றைச் சுற்றுவதில்லை. நகர்கள் ஒன்றோடொன்று கூடி வளர்கின்றன. தமிழில் நகர்த்திரள் அல்லது இணைநகர்த்தொகுதி என்பது இக்கருத்துக்கு நெருங்கியது. அம்பர்நாத்தில் படிக்கும் மாணவர் தம் நகரை மும்பையின் எச்சமாகக் காண்பதா, திரளின் உறுப்பாகக் காண்பதா என்பது இச்சொல் தேர்வைப் பொறுத்தது.

5. இடப்பெயர்வு: வினைமுதலை மறைக்கும் சொல்

5.1 மானிடப் புவியியலின் நடுவான கருத்துகளுள் ஒன்று மக்கள் ஓரிடம் விட்டு மற்றோரிடம் செல்லுதல். ரேவன்சுடைன் 1885இல் இதற்கு விதிகள் வகுத்தார். எவரெட் லீ 1966இல் புறப்படும் இடம், சேரும் இடம், இடைத்தடைகள், தனிநபர் நிலை என நால்வகைக் காரணிகளைக் கூறினார். பள்ளி நூல்களில் இது தள்ளுகாரணி, இழுகாரணி என இரண்டாகச் சுருங்கியது. இயற்பியலின் விசைகளை ஒத்த இவ்விரு சொற்களிலும் மனிதர் செயப்படுபொருளாகவே நிற்கின்றனர். தாராவித் தமிழர் குடியேற்றத்தில் பெரும்பங்கு வகித்த, முன்சென்ற உறவினர் பின்வருவோரை அழைத்துக்கொள்ளும் சங்கிலித்தொடர் நகர்வு, தள்ளுதலுள்ளும் அடங்காது, இழுத்தலுள்ளும் அடங்காது.

5.2 இக்கருத்துக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இடப்பெயர்வு, இடம்பெயர்தல் என்னும் சொற்களை ஆள்கின்றன. இலங்கைத் தமிழில் அதே இடப்பெயர்வு போரினால் வீடிழந்து அலைந்தோரின் நிலையைக் குறிப்பது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் என்பது அங்கு ஆட்சிவழக்கு. புலம்பெயர்தல் என்னும் சொல் சங்க இலக்கியத்தில் வணிக நகரில் வந்து தங்கிய பிறநாட்டாரைச் சுட்டியது. 1983க்குப் பின் அது கடல் கடந்த ஈழத்தமிழரோடு ஒன்றிவிட்டது. ஆகவே வேலை தேடிச் செல்லுதல், திருமணத்தால் செல்லுதல், விரட்டப்பட்டுச் செல்லுதல் ஆகியவற்றை வேறுபடுத்தவேண்டிய இடத்தில் தமிழ்ப் பாடச்சொல் ஒன்றாகவே நிற்கிறது. மராத்தியில் விருப்பநகர்வு 'ஸ்தலாந்தர்' எனவும், வெளியேற்றம் 'விஸ்தாபன்' எனவும் வேறுபடுகின்றன. இந்தியில் முன்னது 'பிரவாஸ்'. மராத்தியில் 'பிரவாஸ்' என்பது வெறும் பயணம். இச்சொற்களுக்கு நடுவே கற்கும் மும்பைத் தமிழ் மாணவர்க்குத் தாய்மொழியின் துணை தேவைப்படும் இடம் இதுவே.

5.3 தமிழுக்கு இவ்வேறுபாட்டைக் காட்டும் ஆற்றல் இல்லையோ எனின், உண்டு. அது சொற்களஞ்சியத்தில் அன்று, வினையமைப்பில் உள்ளது. பெயர் என்னும் வினையடி இருவகையாகத் திரியும்:

(1) குடும்பம் இடம் பெயர்ந்தது.
(2) வாரியம் குடும்பத்தை இடம் பெயர்த்தது.

(1) தன்வினை, (2) பிறவினை. கு. பரமசிவம் 1979இல் வெளியிட்ட ஆய்வில், இவ்விணைகளின் வேறுபாடு செயப்படுபொருள் குன்றுதல், குன்றாமை என்பதைவிட வினையின் பயன் வினைமுதலையே சார்கிறதா, பிறிதொன்றைச் சார்கிறதா என்பதில் உள்ளது எனத் தெளிவுபடுத்தினார். இவ்விணைகள் தொழிற்பெயரிலும் தொடர்கின்றன: பிரிவு – பிரிப்பு, அழிவு – அழிப்பு, இணைவு – இணைப்பு. அம்முறையில் இடப்பெயர்வு – இடப்பெயர்ப்பு என்னும் இணை தமிழில் இயல்பாகவே அமையத்தக்கது. இடம்பெயர்ந்தோர், இடம்பெயர்க்கப்பட்டோர் என ஆளைக் குறிக்கும் சொற்களும் அவ்வாறே அமையும். மொழிபெயர்ப்பு என்னும் நம் தொழிற்பெயரே இவ்வினையின் பிறவினை வடிவம் என்பது மொழிபெயர்ப்பாளர்க்குச் சொல்லாமலே விளங்கும். எந்தப் பனுவலும் தானாக மொழிபெயர்வதில்லை. பெயர்ப்பவர் ஒருவர் உண்டு.

5.4 இவ்வேறுபாட்டின் பயனைக் களத்திலேயே காணலாம். அம்பர்நாத்துக்கு அடுத்துள்ள உல்லாசநகர், 1947ஆம் ஆண்டுப் பிரிவினையால் சிந்துவிலிருந்து வெளியேற்றப்பட்டோர் தங்கிய கல்யாண் முகாமிலிருந்து 1949இல் உருவான நகரம். அது இடப்பெயர்ப்பால் பிறந்தது. தொழிற்சாலை வேலை நாடி மக்கள் சென்ற அம்பர்நாத் இடப்பெயர்வால் வளர்ந்தது. இரயிலில் அடுத்தடுத்த நிலையங்களாக உள்ள இவ்விரு நகர்களையும் ஒரே சொல்லால் விளக்கும் பாடம் இரண்டனுள் ஒன்றையும் விளக்காது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2023இல் அதானி குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2000 சனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்வோர் தாராவியிலேயே வீடு பெறத் தகுதியுடையோர் எனவும், அவ்வரையறைக்குள் வாராதோர்க்குத் தாராவிக்கு வெளியே வீடு எனவும் திட்டம் பகுக்கிறது. அவ்வாறு செல்பவரைத் தமிழில் இடம்பெயர்ந்தோர் என எழுதினால் அவர் தாமே சென்றார் என்றாகும். ஆங்கிலத்தின் செயப்பாட்டு எச்சம் வினைமுதலின் பெயரைக் கூறாவிடினும் ஒருவர் உண்டு என்பதைக் காட்டிவிடுகிறது. தமிழின் தன்வினை அதையும் துடைத்துவிடுகிறது. இது தமிழின் குறையன்று. தமிழில் உள்ள வடிவத்தை நாம் ஆளாமையின் குறை.

பேரிடர், வறட்சி போன்றவற்றால் செல்வோர் இவ்விரண்டனுள் எதில் அடங்குவர் என்னும் ஐயம் எழலாம். பாடநூலின் இறுதி இயலிலேயே, ஒப்பந்தக்காரரோடு நகர்தோறும் செல்லும் பற்றவைப்புத் தொழிலாளி ஒருவரின் வாழ்க்கை தரப்பட்டுள்ளது. அவர் பெயர்ந்தாரா, பெயர்க்கப்பட்டாரா? இவ்வினாவுக்கு விடை எளிதன்று. ஆயின் அவ்வினாவை எழுப்புவதற்கே இரண்டு சொற்கள் வேண்டும். ஒரு சொல்லே உள்ள வகுப்பறையில் அவ்வினா தோன்றாது.

5.5 2022இல் பாடச்சுமைக் குறைப்பை ஒட்டி, இரண்டாம் நூலில் இருந்த இடப்பெயர்வு பற்றிய இயல் முழுவதும் நீக்கப்பட்டது. மும்பை, சூரத்து, தில்லி முதலிய நகர்களின் பள்ளிகளில் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பயிலும் நாட்டில், அவர்தம் வாழ்க்கையைப் பாடப்பொருளாக்கிய இயல் இவ்வாறு மறைந்தது வருந்தத்தக்கது. பாடத்தில் சொல் இடம்பெறாதபோது, அப்பொருளைப் பேசும் சொல் நாளிதழ்த் தலைப்புகளிலிருந்தும் அரசு அறிவிப்புகளிலிருந்தும் மட்டுமே மாணவரை அடையும். சொல்லைத் திருத்தும் பொறுப்பு அந்நிலையில் மொழிபெயர்ப்பாளர்க்கு இன்னும் மிகுதியாகிறது.

6. ஊர்: பாடநூல் காணாத சொல்

இந்தியக் கணக்கெடுப்பில் இடப்பெயர்வு 1881 முதல் பிறந்த இடத்தை வைத்துப் பதிவு செய்யப்பட்டது. 1971இல் கடைசியாக வாழ்ந்த இடம் சேர்க்கப்பட்டது. 1981இல் இடம்பெயர்ந்த காரணமும் கேட்கப்பட்டது. இவ்வளவைகளின்படி, தாராவியில் பிறந்து அங்கேயே வாழும் மூன்றாம் தலைமுறைத் தமிழர் இடம்பெயர்ந்தவர் அல்லர். ஆயின் 'உங்க ஊர் எது?' என்று தமிழில் வினவின் அவர் திருநெல்வேலியையோ தூத்துக்குடியையோ கூறக்கூடும். அவரே திருநெல்வேலிக்குச் சென்றிருக்கையில் அதே வினாவுக்குப் பம்பாய் என்று விடை பகரவும் கூடும். இரண்டு விடைகளும் பொய்யல்ல.

'ஊர்' என்பது கிராமம், நகரம் போல எல்லை வரையறுக்கப்பட்ட நிலப்பகுதியின் பெயரன்று. பேசுபவர், கேட்பவர், பேசும் இடம் ஆகியவற்றைப் பொறுத்துப் பொருள் மாறும் இயல்புடையது. மானிடவியலாளர் வேலண்டைன் டேனியல் 1984இல் வெளியிட்ட நூலில் ஊர் என்பதை ஆளை மையமாகக் கொண்ட இடச்சொல்லாக விளக்கி, கிராமம், தேசம் முதலிய நிலையான பொருளுடைய சொற்களிலிருந்து வேறுபடுத்தினார். மொழியியலார் கூறும் சுட்டுப்பொருண்மை இதில் செயற்படுவதை எளிதில் காணலாம். மும்பை ஆங்கிலத்தில் 'நேட்டிவ்' எனவும் மராத்தியில் 'காவ்' எனவும் வழங்குவன இதற்கு அண்மையவை.

மானிடப் புவியியல் இடம் என்பதை வெறும் பரப்பிலிருந்து பிரித்துணர்த்தப் பல பக்கங்களைச் செலவிடுகிறது. மனிதர் பற்றும் நினைவும் ஏற்றிய பரப்பே இடம் என்பது அதன் சாரம். இக்கருத்தைத் தமிழ் மாணவர்க்கு உணர்த்த ஊர் என்னும் ஒரு சொல் போதும். ஆயினும் மொழிபெயர்ப்பாளர் அச்சொல்லைக் கலைச்சொற் பட்டியலில் சேர்ப்பதில்லை. பேச்சுவழக்கு என ஒதுக்கிவிடுகின்றனர். கணக்கெடுப்பின் 'பிறந்த இடம்', 'கடைசியாக வாழ்ந்த இடம்' ஆகியவற்றோடு 'ஊர்' என்பதையும் மூன்றாவதாக நிறுத்தி, மூன்றும் எங்கு ஒன்றுபடுகின்றன, எங்கு வேறுபடுகின்றன என வினவுவது மாணவர்க்குத் தம் குடும்பத்தையே தரவாகக் கொள்ளும் பயிற்சியாக அமையும். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச்சு 1 அடிப்படை நாளாக 2025இல் அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்பாளரின் வினாவுக்குத் தமிழில் விடை கூறுவோர் எப்பொருளில் இடத்தைப் புரிந்துகொள்கின்றனர் என்பது அத்தரவின் தரத்தையும் தொடுவதாகும்.

7. இரு மறுப்புகள்

கலைச்சொல் இடுகுறித்தன்மையது, வரையறை கூறிவிட்டால் வழக்குப்பொருள் தடையாகாது என்பது முதல் மறுப்பு. இயற்கைப் புவியியலுக்கு இது பெரிதும் பொருந்தும். மனிதரை வகைப்படுத்தும் சொற்களுக்குப் பொருந்தாது. வகைப்படுத்தப்பட்டோர் அவ்வகைப்பாட்டை அறிந்து, அதற்கேற்பவோ எதிராகவோ தம்மை அமைத்துக்கொள்வதை இயான் ஹேக்கிங் 1995இல் சுழல்விளைவு என விளக்கினார். தேர்வுத்தாளில் 'சேரிகளின் சிக்கல்களை விவரி' என்னும் வினாவுக்கு விடையெழுதும் தாராவி மாணவர் படர்க்கையில் எழுதவேண்டியிருக்கிறது. வரையறை அப்படர்க்கையை நீக்காது.

பெயரை மாற்றினாலும் இழுக்கு புதுப்பெயரையும் பற்றிக்கொள்ளும் என்பது இரண்டாம் மறுப்பு. இது பெருமளவு உண்மையே; காலனி என்னும் சொல்லின் வரலாறு இதற்குச் சான்று. இக்காரணம் பற்றியே இக்கட்டுரை இடக்கரடக்கலைப் பரிந்துரைக்கவில்லை. வாழ்விடம் போன்ற மென்சொல் இழுக்கைச் சில காலம் ஒத்திப்போடும். பெயர்வு – பெயர்ப்பு என்னும் இலக்கண வேறுபாடோ மென்மையையும் வன்மையையும் சாராதது. யார் செய்தார் என்னும் வினாவை அது சொல்லுக்குள்ளேயே வைக்கிறது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

(அ) 'ஸ்லம்' என்பதற்குச் சேரி என்னும் பெயர்ப்பு கைவிடப்பட வேண்டும். சட்ட, கணக்கெடுப்புப் பொருளில் குடிசைப்பகுதி என்பதை 'அறிவிக்கப்பட்ட', 'இனங்காணப்பட்ட' முதலிய அடைகளுடன் மட்டும் ஆளலாம். வருணனைப் பொருளில் நெரிசல் குடியிருப்பு என்பது பொருந்தும். சால், கோலி போன்ற வட்டாரச் சொற்களுக்கும் பாடத்தில் இடமளிக்கலாம்.

(ஆ) துணைக்கோள் நகரம் என்பதை எல்லாச் சூழ்நகர்க்கும் பொதுவாக்காமல், நகர்த்திரள், திரளுறுப்பு நகர் என்னும் சொற்கள் ஆளப்பட வேண்டும்.

(இ) தாமாகச் செல்லுதல் இடப்பெயர்வு எனவும், பிறரால் அகற்றப்படுதல் இடப்பெயர்ப்பு எனவும் வேறுபடுத்தப்பட வேண்டும். தமிழகம், இலங்கை, மும்பை ஆகிய மூவிடத்து வழக்கையும் இவ்விணை ஒழுங்குபடுத்தும்.

(ஈ) ஊர் என்னும் சொல் மானிடப் புவியியலின் கலைச்சொல்லாக ஏற்கப்பட்டு, அதன் சுட்டுப்பொருண்மை விளக்கப்பட வேண்டும்.

இந்நான்கும் புதுச்சொல் படைக்கும் முயற்சிகளல்ல. மொழியில் உள்ள வேறுபாடுகளைப் பாடத்துக்குக் கொணரும் முயற்சிகளேயாகும். மானிடப் புவியியலைத் தமிழாக்குவோர் அகராதியைத் திறப்பதற்குமுன், அப்பாடம் யாரைப் பற்றியதோ அவர் அச்சொல்லைத் தன்மையிடத்தில் கூற இயலுமா என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தல் நன்று. 'நாங்கள் இடம்பெயர்ந்தோம்', 'எங்களை இடம்பெயர்த்தனர்' என்னும் இரண்டு தொடர்களையும் மாணவர் தம் விடைத்தாளில் எழுதக் கூடுமாயின், அப்பாடம் அவருடைய மொழிக்குள் வந்துசேர்ந்தது எனலாம்.